ஓவியமா, புகைப்படமா? 'ஸ்டீவ் ஜாப்ஸ்' படத்தின் மீது நடந்த வழக்கு

2015 அக்டோபரில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த 'ஸ்டீவ் ஜாப்ஸ்' படத்தில் பிக்சார் இல்லை, ஐபோன் இல்லை, புற்றுநோய் இல்லை, மரணமும் இல்லை. ஆப்பிள் நிறுவனம் பிறந்த கேரேஜ்கூட ஒரு சிறிய பின்னோக்குக் காட்சியோடு முடிந்துவிடுகிறது. படத்தில் இருப்பவை மூன்று கணினிகளின் அறிமுக விழாக்கள்: 1984இல் மெக்கின்டாஷ், 1988இல் நெக்ஸ்ட், 1998இல் ஐமேக். அவற்றிலும் விழா நமக்குக் காட்டப்படுவதில்லை. விழாவுக்கு முந்தைய அரைமணி, முக்கால் மணி நேரப் பரபரப்பு மட்டுமே காட்சியாகிறது. ஒப்பனை அறை, நடைபாதை, மேடையின் பக்கவாட்டு இருட்டு, அங்கே வந்து வந்து சண்டை போடும் அதே ஐந்தாறு பேர். அரங்கம் கைதட்டத் தொடங்கி ஜாப்ஸ் மேடையேறினால் அந்தப் பகுதி முடிந்துவிடும். ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொல்ல இது போதுமா என்பதில் தொடங்கியது விவாதம். விமர்சகர்கள் ஒரு பக்கமும் ஜாப்ஸை நேரில் அறிந்தவர்கள் பல பக்கமுமாகப் பிரிந்தார்கள். டிக்கெட் வாங்க வேண்டிய ரசிகர்கள் பெரும்பாலும் வரவேயில்லை.

படத்தின் மூலம் வால்டர் ஐசக்சன் எழுதிய வாழ்க்கை வரலாறு. ஜாப்ஸே கேட்டுக்கொண்டு, நாற்பதுக்கும் மேற்பட்ட முறை பேட்டி கொடுத்து எழுதவைத்த அந்தப் புத்தகம், அவர் 2011 அக்டோபர் 5 அன்று இறந்த மூன்றே வாரத்துக்குள் வெளிவந்தது. அதன் திரைப்பட உரிமையைச் சோனி நிறுவனம் சுடச்சுட வாங்கியது. திரைக்கதைக்கு ஆரோன் சார்கின் ஒப்புக்கொண்டார். 'தி சோஷியல் நெட்வொர்க்' படத்தில் அவரோடு பணியாற்றிய டேவிட் ஃபின்ச்சர் இயக்குவதாக இருந்து, சம்பளப் பேச்சில் விலகினார். டேனி பாயில் வந்தார். ஜாப்ஸ் வேடத்துக்கு லியோனார்டோ டிகாப்ரியோவின் பெயர் அடிபட்டு ஓய்ந்தது. கிறிஸ்டியன் பேல் வருவதாகச் சொல்லிப் பின்வாங்கினார். கடைசியில் மைக்கேல் ஃபாஸ்பெண்டர். 2014 நவம்பரில் சோனியே படத்தைக் கைவிட, யுனிவர்சல் எடுத்துக்கொண்டது. அதே மாத இறுதியில் சோனியின் கணினிகளுக்குள் புகுந்தவர்கள் அள்ளிப்போட்ட மின்னஞ்சல்களில் இந்தப் படத்தைப் பற்றிய தயாரிப்பாளர் சண்டைகளும் வெளியே வந்தன. ஒரு ஃப்ரேம் எடுக்கும் முன்பே படத்தின் உள்வீட்டு ரகசியம் ஊருக்கே தெரிந்துபோனது.

தமிழ் ரசிகர்களுக்கு டேனி பாயில் புதியவர் அல்ல. 'ஸ்லம்டாக் மில்லியனேர்' படத்தில் ஏ.ஆர். ரஹ்மானுக்கு இரண்டு ஆஸ்கர் கிடைக்கக் காரணமான கூட்டணி அவருடையது. '127 ஹவர்ஸ்' படத்திலும் அது தொடர்ந்தது. இந்தப் படத்துக்கு இசை டேனியல் பெம்பர்டன். முதல் பகுதிக்கு அந்தக் காலத்துச் சிந்தசைசர், இரண்டாவதற்கு முழு வாத்தியக் குழு, மூன்றாவதற்குக் கணினியிலேயே உருவாக்கிய ஒலி என்று பிரித்துக்கொண்டார். ஒளிப்பதிவும் அப்படியே. முதல் பகுதி 16 மி.மீ. ஃபிலிமில், இரண்டாவது 35 மி.மீ. ஃபிலிமில், மூன்றாவது டிஜிட்டலில். 1984இன் பொரிபொரியான படிமம் 1998இல் கண்ணாடிபோலத் துலங்குவதை ரசிகர் பெயர் சொல்லி அறியாவிட்டாலும் கண் உணர்ந்துகொள்ளும்.

முன்னால் விழுந்த நிழல்

இதற்கு முன்பே ஒரு ஜாப்ஸ் படம் வந்துபோயிருந்தது. ஜோஷுவா மைக்கேல் ஸ்டெர்ன் இயக்கி, ஆஷ்டன் குட்சர் நடித்த 'ஜாப்ஸ்' 2013 ஆகஸ்டில் வெளியானது. குட்சருக்கு முகச்சாயல் இயல்பாகவே பொருந்தியிருந்தது. ஜாப்ஸின் முன்குனிந்த நடையை அவர் பழகினார். ஜாப்ஸைப்போலப் பழங்களை மட்டுமே உண்டு கணைய வலியில் மருத்துவமனைக்குப் போனார். கல்லூரியை விட்டதிலிருந்து ஐபாட் வரை வரிசையாகச் சொன்ன அந்தப் படத்தை விமர்சகர்களில் பத்துக்கு மூன்று பேர்கூடப் பாராட்டவில்லை. நிகழ்ச்சி நிரலை வாசித்ததுபோல இருக்கிறது, மனிதர் எங்கே என்பதே பொதுவான புகார். ஆப்பிளின் இணை நிறுவனர் ஸ்டீவ் வாஸ்னியாக் வெளிப்படையாகவே குறை சொன்னார். பாயில் படத்தைப் பார்க்க உட்கார்ந்த விமர்சகர்களின் மனதில் இந்த ஏமாற்றம் இருந்தது. அதை மறந்துவிட்டு 2015இன் பாராட்டுகளைப் படித்தால் பாதிதான் புரியும்.

2015 செப்டம்பர் 5 அன்று டெலுரைட் திரைப்பட விழாவில் பாயில் படத்தின் முதல் காட்சி. அடுத்து அக்டோபரில் நியூயார்க் திரைப்பட விழா. வந்த விமர்சனங்களில் பெரும்பகுதி உற்சாகமானவை. ராட்டன் டொமேட்டோஸ் தளத்தின் கணக்கில் எண்பத்தைந்து சதவீதத்தை ஒட்டிய ஆதரவு, மெட்டாக்ரிட்டிக்கில் நூற்றுக்கு எண்பதைத் தாண்டிய மதிப்பெண். நியூயார்க் டைம்ஸின் ஏ.ஓ. ஸ்காட், புதிய பொருள்களைக் கண்டு நமக்கு வரும் பிரமிப்பையும் அவற்றைத் தொடர்ந்து வரும் அமைதியின்மையையும் சேர்த்துப் பிடித்த காலப் பதிவாக இதைக் கண்டார். வெரைட்டி இதழின் ஜஸ்டின் சாங், வாழ்க்கை வரலாற்றுப் படங்களின் வழக்கமான பாதையை உடைத்துப்போட்ட துணிச்சலை மெச்சினார். பிறப்பு, போராட்டம், வெற்றி, வீழ்ச்சி, மீட்சி என்று மாதக் காலண்டரைக் கிழிப்பதுபோல நகரும் படங்களில் சலித்திருந்தவர்களுக்கு மூன்று அங்க நாடகம் புதுக்காற்றாக இருந்தது.

அந்த நாடகத்தின் தரத்தை அறிய முதல் பகுதியின் ஒரு நெருக்கடி போதும். மெக்கின்டாஷ் மேடையில் தன் குரலில் 'ஹலோ' சொல்ல வேண்டும். ஒத்திகையில் அது வாய்திறக்க மறுக்கிறது. நேரம் ஓடுகிறது. பழுதைச் சரிசெய்ய முடியாது என்கிறார் மென்பொறியாளர் ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட். முடியாவிட்டால் மேடையில் உன் பெயரைச் சொல்லி அவமானப்படுத்துவேன் என்கிறார் ஜாப்ஸ். அந்த 'ஹலோ'வுக்காக அரங்கு முழு இருட்டாக வேண்டும், அவசர வழி விளக்குகளும் அணைய வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடிக்க, தீயணைப்புத் துறை விதி குறுக்கே நிற்கிறது. இதற்கிடையே நெகிழ்தட்டு போட்டுக்கொள்ளப் பையுள்ள வெள்ளைச் சட்டை வேண்டுமென்று ஆட்களை விரட்டுகிறார். வாசலில், என் மகள் இல்லை என்று அவர் மறுத்துவரும் ஐந்து வயது லிசா தாயோடு வந்து காத்திருக்கிறாள். அவள் மவுஸைப் பிடித்து மெக்கின்டாஷ் திரையில் ஏதோ கிறுக்குகிறாள். கற்றுக்கொடுக்க ஆள் இல்லாமல் ஒரு குழந்தை தன் கணினியை இயக்கிவிட்டதைப் பார்த்ததும் அந்த மனிதர் இளகுகிறார். பெற்ற பிள்ளை என்பதற்காக வராத கனிவு, தன் பொருளைப் புரிந்துகொண்டவள் என்பதற்காக வருகிறது. எந்த விளக்க வசனமும் இல்லாமல் ஒரு குணம் பிடிபட்டுவிடுகிறது. சார்கினின் மேதைமையைப் பற்றி எழுதப்பட்டவற்றில் மிகை இருந்தாலும் இந்தக் காட்சிக்கு அது மிகையல்ல.

படத்தின் தொடக்கத்திலேயே ஒரு பழைய தொலைக்காட்சித் துண்டு உண்டு. அறை முழுக்க நிற்கும் கணினிக்கு முன்னால், பேட்டியெடுப்பவரையும் அவருடைய சிறுவனையும் வைத்துக்கொண்டு, இந்தப் பையன் வளரும்போது ஒவ்வொரு வீட்டிலும் கணினி இருக்கும் என்கிறார் ஒருவர். 1974இல் பதிவான அந்தக் காட்சியில் பேசுபவர் ஆர்தர் சி. கிளார்க், இலங்கையைத் தம் வீடாக்கிக்கொண்ட அதே அறிவியல் புனைகதை எழுத்தாளர்.

நடிப்பைப் பற்றி அநேகமாக ஒரே குரல்தான். ஃபாஸ்பெண்டருக்கு ஜாப்ஸின் முகமில்லை. கறுப்பு டர்ட்டில்நெக்கும் விளிம்பில்லாக் கண்ணாடியும் வரும் மூன்றாம் பகுதிவரை ஒப்பனையாளரும் அதற்குப் பெரிதாக முயலவில்லை. முகம் பொருந்திய குட்சர் தோற்ற இடத்தில் பொருந்தாத ஃபாஸ்பெண்டர் வென்றது, தோற்ற ஒற்றுமையில் பாதி வெற்றியைத் தேடும் தயாரிப்பாளர்களுக்குச் சங்கடமான செய்தி. சந்தைப் பிரிவுத் தலைவர் ஜோனா ஹாஃப்மனாக வந்த கேட் வின்ஸ்லெட், ஜாப்ஸை எதிர்த்துப் பேசி வேலையில் நீடிக்கும் ஒரே மனிதராகப் படத்தின் மனச்சாட்சியானார். போலந்து வேர்கொண்ட அந்தப் பாத்திரத்துக்கான உச்சரிப்பு முதல் பகுதியில் காணாமல்போய் இரண்டாவதில் திடீரென்று முளைத்ததைக் கவனித்துக் கிண்டல் செய்தவர்களும் உண்டு. வாஸ்னியாக்காக வந்த நகைச்சுவை நடிகர் சேத் ரோகனிடம் இவ்வளவு வலியை யாரும் எதிர்பார்க்கவில்லை.

பிடிக்காதவர்கள் சொன்ன குறைகளும் உதறித்தள்ளக்கூடியவை அல்ல. எல்லாரும் சார்கினைப்போலவே பேசுகிறார்கள். பொறியாளர், தலைமை அதிகாரி, பத்தொன்பது வயதுப் பெண் என யார் வாயைத் திறந்தாலும் தீட்டிய வசனமே வருகிறது. நடந்துகொண்டே பேசுவதும் பேசிக்கொண்டே நடப்பதும் சிலருக்கு மூச்சுமுட்டியது. பதினான்கு ஆண்டு இடைவெளியில் மூன்று விழாக்களுக்கும் அதே ஆட்கள் அதே வழக்கோடு வந்து நிற்பதை எப்படி நம்புவது? சார்கினுக்கே இது உறைத்திருக்க வேண்டும். என் விழா நாளன்று மட்டும் எல்லாரும் குடித்துவிட்டு வந்து மனதில் பட்டதைச் சொல்கிறார்கள் என்று ஜாப்ஸையே அலுத்துக்கொள்ளவைத்துவிடுகிறார். அரங்கு சிரித்துவிட்டது. கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது.

உண்மை எங்கே?

சினிமா விமர்சகர்கள் வடிவத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது தொழில்நுட்ப உலகம் வேறொரு வழக்கைத் தொடுத்தது. ஆப்பிளின் தலைமைச் செயல் அதிகாரி டிம் குக், செப்டம்பரில் ஸ்டீஃபன் கோல்பேரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில், ஜாப்ஸைப் பற்றி வரும் படங்களைப் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டு, பலர் சந்தர்ப்பவாதிகளாக இருக்க முயல்கிறார்கள், இது வெறுப்பைத் தருகிறது என்றார். சார்கின் பதிலுக்குச் சீனத் தொழிற்சாலைகளையும் அங்கு தரப்படும் கூலியையும் இழுத்து, அப்படிப்பட்டவருக்குப் பிறரைச் சந்தர்ப்பவாதி என்று சொல்லத் துணிச்சல் அதிகம்தான் என்று கொட்டித் தீர்த்தார். பிறகு இருவருமே கொஞ்சம் எல்லை மீறிவிட்டோம் என்று மன்னிப்புக் கேட்டார். ஜாப்ஸின் மனைவி லாரீன் பவல் ஜாப்ஸ் படம் எடுக்கப்படுவதையே விரும்பவில்லை என்று பத்திரிகைகள் எழுதின.

இந்தக் கோபம் இந்தப் படத்தோடு தொடங்கியதும் அல்ல. மூலநூலான ஐசக்சன் புத்தகமே ஜாப்ஸுக்கு அநீதி செய்துவிட்டது என்பது குக்கின் கருத்து. அதற்கு மாற்றாக பிரெண்ட் ஷ்லெண்டர், ரிக் டெட்ஸெலி இருவரும் எழுதிய 'பிகமிங் ஸ்டீவ் ஜாப்ஸ்' நூலுக்கு ஆப்பிள் நிர்வாகிகள் வாய்திறந்து பேட்டி கொடுத்தார்கள். அது 2015 மார்ச்சில் வந்தது. அதே மாதம் ஜாப்ஸைப் பற்றிய அலெக்ஸ் கிப்னியின் ஆவணப்படம் ஒரு விழாவில் திரையிடப்பட, ஆப்பிளின் எடி க்யூ அதைப் பொய்யும் வன்மமும் கலந்தது என்று கண்டித்தார். இறந்த நான்கே ஆண்டில் ஒரு மனிதரின் நினைவுக்கு யார் உரிமையாளர் என்ற போட்டி இப்படி ஏற்கெனவே சூடாக இருந்தது. பாயில் படம் அதன் நடுவில் வந்து விழுந்தது.

எதிர்த்தவர்களில் வலுவான வாதத்தை வைத்தவர் தொழில்நுட்பப் பத்திரிகையாளர் வால்ட் மாஸ்பெர்க். 1997இல் ஆப்பிளுக்குத் திரும்பிய பிறகான ஜாப்ஸோடு அடிக்கடி பேசியவர். மேடையில் அவரைப் பேட்டி கண்டவர். தாம் அறிந்த ஜாப்ஸ் இந்தப் படத்தில் இல்லை என்று தலைப்பிலேயே எழுதினார். படம் 1998இல் முடிந்துவிடுகிறது. ஐபாட், ஐபோன், ஐபேட் எல்லாம் அதற்குப் பிறகுதான்; மனிதர் பக்குவப்பட்டதும் அந்தக் காலத்தில்தான். மோசமான ஆண்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு 'ஸ்டீவ் ஜாப்ஸ்' என்று பெயரிடுவது எப்படிச் சரி? பத்திரிகை அதிபர் ஹெர்ஸ்டை மனதில் வைத்துப் படமெடுத்த ஆர்சன் வெல்ஸ், நாயகனுக்குக் கேன் என்று கற்பனைப் பெயர் கொடுத்தாரே என்று அவர் கேட்டது சரியான அடி. நியூயார்க் டைம்ஸில் ஜோ நொசெரா இன்னும் காரமாக, தம் கட்டுரைத் தலைப்பிலேயே மோசடி என்ற சொல்லைப் போட்டார்.

புனைவு எவ்வளவு? ஏராளம். ஆப்பிளின் முன்னாள் தலைவர் ஜான் ஸ்கல்லியும் ஜாப்ஸும் 1985இல் பிரிந்தபின் உறவே அறுந்துவிட்டது; 1988, 1998 விழாக்களின் ஒப்பனை அறையில் அவர்கள் மனம்விட்டுப் பேசும் காட்சிகள் கற்பனை. ஜோனா ஹாஃப்மன் ஐமேக் வருவதற்குள் வேலையிலிருந்தே ஓய்வுபெற்றுவிட்டார். அரங்கில் ஆப்பிள் 2 கணினிக் குழுவுக்கு நன்றி சொல் என்று வாஸ்னியாக் மோதும் உச்சக்காட்சியும் நடக்காதது. படத்துக்கு ஆலோசகராக இருந்த வாஸ்னியாக்கே, முன்னோட்டத்தைப் பார்த்து, நான் அப்படியெல்லாம் பேசுகிற ஆள் இல்லை என்றார். ஆனால் முழுப் படத்தையும் பார்த்தபோது நடிகர்களை மறந்து உண்மையான ஜாப்ஸையும் மற்றவர்களையும் பார்ப்பதுபோல இருந்தது என்று பாராட்டினார். ஹெர்ட்ஸ்ஃபெல்டின் தீர்ப்பும் இதே திசைதான்: படத்தில் இருப்பதுபோல எதுவுமே நடக்கவில்லை, அதனால் குறையுமில்லை. ஸ்கல்லி படத்தை ரசித்தாலும், தாம் அறிந்த இளம் ஜாப்ஸிடம் நகைச்சுவை நிறைய இருந்தது, அது காணோம் என்றார்.

படத்தில் யாருடைய வாயில் பொய் வசனம் திணிக்கப்பட்டதோ அவர்கள் மன்னித்தார்கள். படத்திலேயே இல்லாத காலத்து நண்பர்கள் மன்னிக்கவில்லை என்பது கவனிக்க வேண்டியது. 1984இன் ஜாப்ஸிடம் அடிபட்டவர்களுக்குத் திரையில் வந்த கோபம் தெரிந்த கோபம். பின்னாளைய ஜாப்ஸை அறிந்தவர்களுக்கு அது அந்நியம். புகைப்படமல்ல, ஓவியம் என்று படக்குழு திரும்பத் திரும்பச் சொன்னது. அப்படியானால் ஓவியத்தின் அடியில் அந்த மனிதரின் முழுப்பெயரைச் சான்றிதழ்போல எழுதியிருக்கக் கூடாது. மாஸ்பெர்க்கின் வாதம் படத்தைத் தொடவில்லை. அதன் பெயரைச் சரியாகத் தொட்டுவிட்டது.

காலியான இருக்கைகள்

அக்டோபர் 9 அன்று நியூயார்க், லாஸ் ஏஞ்சலிஸ் நகரங்களில் நான்கே அரங்குகளில் படம் வெளியானது. அந்த வார இறுதியில் சுமார் 5.2 லட்சம் டாலர், அதாவது அரங்குக்கு 1.3 லட்சம். அந்த ஆண்டில் அதுவரை எந்தப் படமும் தொடாத சராசரி. மகிழ்ந்துபோன யுனிவர்சல் இரண்டே வாரத்தில் 2,493 அரங்குகளில் இறக்கியது. கிடைத்தது 71 லட்சம் டாலர். எதிர்பார்த்ததில் பாதிகூட இல்லை. பெரியவர்களுக்கான படம் என்ற இடத்தில் 'தி மார்ஷியன்', 'பிரிட்ஜ் ஆஃப் ஸ்பைஸ்' இரண்டும் ஏற்கெனவே கூட்டத்தை வைத்திருந்தன. சில வாரங்களிலேயே சுமார் இரண்டாயிரம் அரங்குகள் படத்தைத் தூக்கிவிட்டன. மூன்று கோடி டாலரில் எடுத்த படத்துக்கு அமெரிக்காவில் ஒரு கோடியே 78 லட்சம், உலகம் முழுவதும் மூன்று கோடியே 44 லட்சம். விளம்பரச் செலவைச் சேர்த்தால் நஷ்டம். சீக்கிரமே அதிக அரங்குகளுக்குப் போனதில் தங்கள் பக்கம் கொஞ்சம் அகந்தையும் இருந்தது என்று பாயில் பின்னர் ஒப்புக்கொண்டார்.

விமர்சகர்கள் கைவிட்ட குட்சர் படம் அமெரிக்காவில் ஒரு கோடியே 61 லட்சம் டாலர் ஈட்டியிருந்தது. போற்றப்பட்டதும் தூற்றப்பட்டதும் ஏறக்குறைய ஒரே வசூலில் நின்றன. சார்கின் முன்பு எழுதிய 'தி சோஷியல் நெட்வொர்க்' 2010இல் உலகளவில் 22 கோடி டாலருக்கு மேல் அள்ளி, மூன்று ஆஸ்கர் வென்றது. அதிலும் கற்பனை நிறையத்தான். என் உடைகளை மட்டும் சரியாகப் பிடித்திருக்கிறார்கள் என்று மார்க் ஸக்கர்பெர்க் சிரித்தார். ஆனால் ஃபேஸ்புக் என்பதை யார், யாரை ஏமாற்றி உருவாக்கினார்கள் என்று அப்போது மக்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வந்தார்கள். ஜாப்ஸைப் பற்றி 2015க்குள் புத்தகம், ஆவணப்படம், முந்தைய படம், இரங்கல் கட்டுரை எல்லாம் ஊறிப்போயிருந்தன. எல்லாம் தெரியும் என்று ரசிகர் வீட்டிலேயே இருந்துவிட்டார். வந்தவர்களுக்குப் படம் பிடித்திருந்தது. அரங்கு வாசலில் எடுக்கப்பட்ட சினிமாஸ்கோர் கருத்துக்கணிப்பில் 'ஏ மைனஸ்' கிடைத்தது.

படத்தைக் கொண்டாடியவர்களே கைவிட்ட இடம் ஒன்று உண்டு: முடிவு. இரண்டு மணி நேரம் சமரசமே இல்லாமல் நடந்த நாடகம், மொட்டைமாடியில் மகளிடம் ஜாப்ஸ் உடைந்து, தான் குறையோடு வார்க்கப்பட்டவன் என்று ஒப்புக்கொள்வதில் போய் முடிகிறது. அவள் இடுப்பிலிருக்கும் வாக்மேனைப் பார்த்து, உன் பைக்குள் ஆயிரம் பாட்டு போடும் கருவி செய்வேன் என்கிறார். ஐந்து வயதில் அவள் வரைந்த கிறுக்கலின் அச்சுப்படியை இத்தனை காலம் பத்திரமாக வைத்திருந்ததாகக் காட்டுகிறார். லிசா என்ற பழைய கணினிக்கு உன் பெயரைத்தான் வைத்தேன் என்கிறார். பல விமர்சகர்களும் இதை இனிப்புப் பூச்சு என்றார்கள். அது சரியான தீர்ப்பு. சம்பவங்களை மாற்றியது பிழையல்ல. மன்னிப்பை இவ்வளவு சுலபமாக விநியோகித்ததுதான் பிழை.

விருதுக் காலத்தில் சார்கினுக்குத் திரைக்கதைக்கான கோல்டன் குளோப் கிடைத்தது. ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் அவர் பெயரே வரவில்லை. வின்ஸ்லெட் கோல்டன் குளோபும் பாஃப்டாவும் பெற்று, ஆஸ்கரை அலிசியா விகாண்டரிடம் இழந்தார். ஃபாஸ்பெண்டரைத் தாண்டிச் சிறந்த நடிகருக்கான ஆஸ்கரை எடுத்துச்சென்றவர் 'தி ரெவனன்ட்' படத்துக்காக லியோனார்டோ டிகாப்ரியோ; ஜாப்ஸ் வேடத்துக்கு முதலில் பேசப்பட்ட அதே டிகாப்ரியோ.

படத்தின் கடைசிக் காட்சிக்கான பதில் 2018இல் வந்தது. லிசா பிரெனன்-ஜாப்ஸ் தம் நினைவுக் குறிப்புகளை 'ஸ்மால் ஃப்ரை' என்ற நூலாக வெளியிட்டார். அந்தக் கணினிக்கு என் பெயரா என்று சிறுவயதிலிருந்து கேட்டபோதெல்லாம் தந்தை இல்லை என்றே சொல்லிவந்ததை அதில் எழுதுகிறார். ஆமாம் என்று அவர் ஒப்புக்கொண்டது லிசாவுக்கு இருபத்தேழு வயதானபோது, பிரான்சின் தென்கரையில் பாடகர் போனோவின் வீட்டில். கேட்டவர் போனோ, மகள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். படம் பார்த்தவர்கள் அந்தப் பக்கங்களையும் படிக்க வேண்டும்.